எலியா, மீனா, செல்லா, வார்டா? மனநோய் மருந்து ஆய்வுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் எம்.ஃபார்ம் மருந்தியல் படிக்கும் பிள்ளைகள் முதலாண்டு முடியும் தறுவாயில் கைடிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: தீசிஸுக்கு எந்த மாடலை, அதாவது மருந்தைச் சோதித்துப் பார்க்கும் எந்த விலங்கை அல்லது முறையை, எடுப்பது? மனச்சோர்வு, பதற்றம், மனச்சிதைவு என்று மனநோய் சார்ந்த தலைப்பில் ஒவ்வொரு வருடமும் சிலராவது இறங்குகிறார்கள். அழகர் மலை அடிவாரத்திலோ சிறுமலைப் பக்கத்திலோ ஒரு செடியைப் பறித்து வருவார்கள். இன்ன செடிதான் என்று தாவரவியல் ஆசிரியரிடம் சான்று வாங்குவார்கள். இலையை நிழலில் உலர்த்தி, சாக்ஸ்லெட் என்னும் கண்ணாடிக் கருவியில் சாறு இறக்கி, சுண்டெலிக்கு வாய்வழியாகக் கொடுத்து, எலியைத் தண்ணீரில் விடுவார்கள். அது அசையாமல் மிதக்கும் நேரம் குறைந்திருந்தால், இந்தச் சாற்றுக்கு மனச்சோர்வைத் தணிக்கும் திறன் உண்டு என்று தீசிஸ் முடியும்.

இந்தப் பாதையில் போகலாமா, வேறு பாதை இருக்கிறதா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். எலியை நீந்த விடுவது, எலியை வாரக்கணக்கில் தொந்தரவுக்குள் வைத்துப் பார்ப்பது, மீன், ஆய்வகத்தில் வளர்த்த மனித நரம்புச் செல், மருத்துவமனை வார்டு என்று வழிகள் பல இருக்கின்றன. செலவு, காலம், அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. நான் அவற்றுக்கெல்லாம் முன்னால் வைக்கும் கேள்வி வேறு. இந்தச் சோதனையில் என்ன முடிவு வந்தால் ‘இந்த மருந்து வேண்டாம்’ என்று நீங்கள் ஒதுக்குவீர்கள்? அதற்குப் பதில் இல்லையென்றால் அந்தச் சோதனைக்கு ஓர் உயிரைக் கொடுக்கக் கூடாது.

ஆறு நிமிட நீச்சல்

எல்லோருக்கும் தெரிந்த வழியிலிருந்து தொடங்குவோம். கட்டாய நீச்சல் சோதனையை 1977-இல் ரோஜர் போர்சோல்ட் குழுவினர் அறிமுகப்படுத்தினார்கள். சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடி உருளையில் 15 செ.மீ. ஆழத்துக்கு 25 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் நிரப்பிச் சுண்டெலியை விடுகிறோம். அது சுவரைப் பிராண்டும், சுற்றிச் சுற்றி நீந்தும், எங்காவது பிடி கிடைக்குமா என்று தேடும். இரண்டு நிமிடம் போனதும் வேகம் குறையும். அப்புறம் மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, தடுமாறாமல் இருக்க ஒரு பின்னங்காலை மட்டும் லேசாக அசைத்தபடி மிதந்து நிற்கும். 6 நிமிடத்தில் கடைசி 4 நிமிடம் இப்படி எவ்வளவு நேரம் மிதந்தது என்பதுதான் மொத்தக் கணக்கு. முடிந்ததும் எலியைத் துண்டால் துடைத்துச் சூடான கூண்டில் விட வேண்டும். அடுத்த எலிக்குத் தண்ணீரை மாற்ற வேண்டும்.

இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்த எலி கூடுதல் நேரம் நீந்துகிறது. அதைப் பார்த்து, மிதப்பதை நம்பிக்கை இழந்த நிலை என்றும், நீந்துவதை நம்பிக்கை திரும்பியதன் அடையாளம் என்றும் பொருள் கொண்டார்கள். ஆனால் தப்ப வழியில்லாத தண்ணீரில் வீணாக உதைத்துக்கொண்டிருக்காமல் சக்தியைச் சேமிப்பது புத்திசாலித்தனமும்தானே? மிதப்பதைக் கற்றுக்கொண்ட எலியை மனச்சோர்வு வந்த எலி என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியைப் பல ஆய்வாளர்கள் எழுப்பிவிட்டார்கள். இன்னொன்று, இமிப்ரமின் இந்தச் சோதனையில் அன்றைக்கே வேலை செய்துவிடுகிறது. அதே மருந்தை எடுத்துக்கொள்ளும் மனிதருக்கு மனம் தெளிய வாரக்கணக்கில் ஆகிறது. ஆக, எலியில் நாம் அளப்பது நோய் குணமாவதை அல்ல. காபியில் உள்ள கஃபீன், ஆம்ஃபெட்டமின் போன்று உடலைச் சுறுசுறுப்பாக்கும் எதுவும் மிதக்கும் நேரத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் மேலே மூடாத பெட்டியில் விட்டுப் பார்க்கும் திறந்தவெளிச் சோதனையில் எலியின் பொதுவான நடமாட்டத்தையும் சேர்த்து அளக்கச் சொல்கிறோம். அதை அளக்காத தீசிஸ்கள் இன்னும் வருகின்றன என்பது எனக்கு வருத்தம்.

இந்தச் சோதனையே உதவாது என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒரு மருந்தைப் போலவே அமைந்த நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளை வைத்துக்கொண்டு, எதை மேலே கொண்டுபோவது என்று வடிகட்டும் நிறுவனத்துக்கு அது சல்லடையாகப் பயன்பட்டது. பழைய மருந்தின் தம்பி தங்கைகளை அது கண்டுபிடித்துக் கொடுத்தது. ஒரே ஓர் இலைச்சாற்றை இரண்டு டோஸில் கொடுத்துப் பார்க்கும் மாணவருக்கு அது என்ன சொல்லப்போகிறது? நேரம் குறைந்தால் திறன் உண்டு. குறையாவிட்டால் டோஸ் போதவில்லை, வேறு கரைப்பானில் சாறெடுத்துப் பார்க்கலாம் என்று எழுதிவிடுவோம். ‘வேண்டாம்’ என்ற பதில் அதிலிருந்து வருவதே இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-இல் இந்தச் சோதனையைச் சட்டம் போட்டே தடை செய்தது. நம் நாட்டில் தடை இல்லை. அதனால் பொறுப்பு நம் தலையில் இருக்கிறது.

விலங்குகள் கொடுத்ததும் கொடுக்காததும்

மனநோய் மருந்துகளின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். மனச்சிதைவு மருந்தான குளோர்ப்ரோமசின் 1950-இல் பிரான்சில் உருவானது. ஆய்வகத்தில் சிமோன் கூர்வாசியே எலிகளை ஒரு கயிற்றில் ஏறப் பழக்கினார். மணி அடித்தால் மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று தெரிந்து எலி கயிற்றில் ஏறிவிடும். குளோர்ப்ரோமசின் கொடுத்த எலி மணியைக் கண்டுகொள்ளாது. அதிர்ச்சி வந்தபிறகு மட்டும் ஏறும். கை கால் ஓடுகிறது, ஆனால் எச்சரிக்கை மனத்தைத் தொடவில்லை. அருமையான கவனிப்பு. இன்றைக்கும் மனச்சிதைவு மருந்துகளுக்கு இந்தச் சோதனையின் வழிவந்தவை பயன்படுகின்றன. ஆனாலும் மனநோயாளிகளுக்கு அதைக் கொடுக்கலாம் என்ற யோசனை எலியிடமிருந்து பிறக்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் அதைக் கொடுத்த ஆன்ரி லபோரி நோயாளிகளிடம் கண்ட அமைதியிலிருந்து பிறந்தது. 1952-இல் பாரிசில் மனநல மருத்துவர்கள் டிலேயும் டெனிகரும் அதை வார்டில் நிறுவினார்கள்.

இமிப்ரமினை மனச்சிதைவுக்கென்று கொடுத்துப் பார்த்த சுவிஸ் மருத்துவர் ரோலண்ட் குன், அது மனச்சோர்வு உள்ளவர்களுக்கே உதவுகிறது என்று 1950-களின் நடுவில் கண்டார். இப்ரோனியசிட் காசநோய் மருந்து. அதை எடுத்தவர்கள் உற்சாகமானதைப் பார்த்த பிறகுதான் மனச்சோர்வுக்கு வந்தது. மனச்சோர்வு மருந்துகளின் முதல் இரண்டு குடும்பங்களும் வார்டில் பிறந்தவை. எலிச் சோதனைகள் பிறகு அந்த மருந்துகளை வைத்து வடிவமைக்கப்பட்டன. இமிப்ரமினுக்கு எலி எப்படி நடந்துகொண்டதோ அதுவே அளவுகோல் ஆனது. அந்த அளவுகோலால் இமிப்ரமின் போன்றதைத்தான் அளக்க முடியும்.

க்ளோசபின் என்ற மனச்சிதைவு மருந்தின் கதையை ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய மனச்சிதைவு மருந்துகளுக்கு ஒரு வழக்கமான சோதனை உண்டு. எலியின் முன்னங்கால் இரண்டையும் ஒரு குறுக்குக் கம்பிமேல் எடுத்து வைப்போம். சாதாரண எலி உடனே இறங்கிவிடும். ஹாலோபெரிடால் கொடுத்த எலி வைத்தது வைத்தபடியே நிற்கும். இப்படி விறைத்து நிற்க வைக்கும் மருந்துதான் மனச்சிதைவுக்கு வேலை செய்யும் என்று நம்பினார்கள். க்ளோசபின் எலியை அப்படி நிற்க வைக்கவில்லை. அந்தச் சல்லடையை மட்டும் நம்பியிருந்தால் அது குப்பைக்குப் போயிருக்கும். வேறு எந்த மருந்துக்கும் மசியாத நோயாளிகளுக்கு அதுவே மேலானது என்று 1988-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்தக் கம்பிச் சோதனை அளந்தது நோயைத் தணிக்கும் திறனை அல்ல, கை கால் விறைப்பு என்னும் பக்கவிளைவை.

இதைவிடத் தெளிவாக ஒன்று வேண்டுமென்றால் அப்ரெபிடன்ட் இருக்கிறது. பொருள்-பி என்ற நரம்புச் செய்திப் பொருள் செல்லில் வந்து ஒட்டும் இடமான ஏற்பியைத் தடுக்கும் மருந்து அது. தாயிடமிருந்து பிரித்த கினிப் பன்றிக் குட்டியின் அழுகையை இந்த வகை மருந்து குறைத்தது. 1998-இல் மனிதர்களிடம் செய்த முதல் ஆய்வும் நம்பிக்கை கொடுத்தது. பெரிய பரிசோதனைகளில் மனச்சோர்வுக்கு அது, ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. 2003-இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அதே வருடம் அதே மருந்து புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் வாந்தியைத் தடுக்க அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வாந்திக்கு அதைச் சோதித்தது ஃபெரட் என்ற, கீரி போன்ற விலங்கிடம். எலியால் வாந்தி எடுக்க முடியாது, ஃபெரட்டால் முடியும். ஃபெரட்டின் வாந்தியும் மனிதரின் வாந்தியும் ஒரே செயல். குட்டியின் அழுகையும் ஒரு மனிதரின் மனச்சோர்வும் ஒன்றல்ல. ஒரே மூலக்கூறு, இரண்டு விலங்கு, இரண்டு விடை. விலங்கு மாடல் நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பவர்களிடம் நான் எப்போதும் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். விலங்கிடம் நாம் பார்ப்பதும் மனிதரிடம் நடப்பதும் ஒரே காரியமா என்பதுதான் கேள்வி.

இரண்டு பாட்டில்

எலிதான் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி, நீடித்த மிதமான தொந்தரவு. 1980-களில் பால் வில்னர் குழுவினரால் பரவலானது. நனைந்த படுக்கை, சாய்ந்த கூண்டு, இரவில் விளக்கு, சில மணி நேரம் உணவில்லாமை என்று சின்னச் சின்னத் தொந்தரவுகளை எலி எதிர்பார்க்க முடியாத வரிசையில் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். பிறகு கூண்டில் இரண்டு பாட்டில் மாட்டுவோம். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் 1 சதவீதச் சர்க்கரைக் கரைசல். நல்ல நிலையில் உள்ள எலி சர்க்கரைப் பக்கமே போகும். தொந்தரவில் இருந்த எலிக்கு அந்த நாட்டம் குறையும். இடமா வலமா என்ற பழக்கம் கணக்கைக் கெடுக்காமலிருக்கப் பாட்டில்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒழுகல் எவ்வளவு என்று எலி இல்லாத கூண்டில் ஒரு பாட்டிலை மாட்டித் தனியாக அளக்க வேண்டும்.

பிடித்ததில் பிடிப்பு இல்லாமல் போவது மனச்சோர்வின் மைய அறிகுறிகளில் ஒன்று. ‘பிள்ளைக்குப் பிடிச்ச அயிரை மீன் குழம்பு வச்சாலும் தொட மாட்டேங்குறான்’ என்று வீட்டார் டாக்டரிடம் சொல்வது அதைத்தான். இந்த மாடலில் மருந்து வேலை செய்யவும் வாரங்கள் ஆகின்றன, மனிதரைப் போல. இந்த இரண்டு காரணங்களால் நீச்சலைவிட இதை நான் உயர்வாக வைக்கிறேன். வாரக்கணக்கில் கொடுத்தும் சர்க்கரை நாட்டம் திரும்பவில்லையென்றால் ‘வேண்டாம்’ என்று சொல்வதில் ஒரு கனம் இருக்கிறது.

குறையும் பெரிது. ஓர் ஆய்வகத்தில் வரும் முடிவு இன்னொன்றில் வருவதில்லை என்ற புகார் இதற்கு நெடுநாளாக உண்டு. மதுரையில் இது இன்னும் கடினம். அனிமல் ஹவுஸை 22 டிகிரியை ஒட்டி வைத்திருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் வெளியே 40-ஐத் தொடும்போது கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமானால், தொந்தரவு கொடுக்காத எலிகளுக்கும் தொந்தரவு கொடுத்தாயிற்று. ஒப்பிட வைத்திருந்த குழுவே கெட்டுவிடும். சித்திரைத் திருவிழாவின்போது ஊருக்குள் இருக்கும் கல்லூரிக்கு வேட்டுச் சத்தமும் கொட்டும் விடிய விடியக் கேட்கும். எலியின் காது நம் காதைவிடக் கூர்மை. ஆகவே இந்த மாடலை எடுப்பவர்கள் ஆடி மழை எட்டிப்பார்த்த பிறகு தொடங்கி, தீபாவளிக்கு முன் நடத்தைச் சோதனைகளை முடித்துவிட வேண்டும். அறையின் வெப்பப் பதிவேட்டை தீசிஸில் பின்னிணைப்பாகவே சேருங்கள்.

எலி, சுண்டெலி இரண்டுக்கும் பொதுவான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அவை இரவில் விழித்திருப்பவை. நாமோ காலை பத்து மணிக்கு, அவை தூங்கும் நேரத்தில் எழுப்பி, மனநிலையை அளக்கிறோம். மனச்சோர்வில் தூக்கமும் உயிர்க்கடிகாரமும் எவ்வளவு குலைந்துபோகின்றன என்று மருத்துவர்களுக்குத் தெரியும். இந்த விஷயத்தில் மதுரைக்கு ஒரு சொந்த மரபே இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் குகை வௌவால்களிலும் நம் வயல்களில் திரியும் சின்ன வயலெலியிலும் உயிர்க்கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். பகல் இரவு தெரியாத அறையில் மனிதர்களையே தங்க வைத்தும் ஆராய்ந்தார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு எலியின் நேரத்தைப் பார்க்காமல் நடத்தையை அளப்பது நமக்கு அழகில்லை. விளக்கு நேரத்தைத் திருப்பி வைத்து, மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் சோதிக்கலாம். கூடுதல் செலவு ஒரு டைமரும் சில பல்புகளும்தான்.

ஆண் எலியை மட்டும் எடுப்பதும் மாற வேண்டிய வழக்கம். மனச்சோர்வு பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. இனப்பெருக்கச் சுழற்சி கணக்கைக் குழப்பும் என்று பெண் எலியை ஒதுக்கிவிட்டு, அந்த மருந்தைப் பெண்களுக்குத்தான் அதிகம் எழுதிக் கொடுக்கிறோம்.

மீன்

வரிக்குதிரை மீன் எனப்படும் ஜீப்ரா மீன் நம் துணைக்கண்டத்து ஓடைகளைச் சேர்ந்தது. இரண்டு அங்குலம் கூட வளராது. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு அதனிடம் இணை உண்டு என்று 2013-இல் வெளியான மரபணுத் தொகுப்பு காட்டியது. அது பகலில் விழித்து இரவில் தூங்கும். பதற்றத்தில் அதன் உடலில் சுரப்பது நமக்குச் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனே. எலிக்கும் சுண்டெலிக்கும் முதன்மையாகச் சுரப்பது கார்டிகோஸ்டிரோன்.

புதுத் தொட்டியில் விட்டால் மீன் முதலில் அடிமட்டத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தைரியம் வந்து மேலே ஏறும். பதற்றம் தணிக்கும் மருந்து கொடுத்தால் சீக்கிரம் ஏறும். ஒரு செல்போனை ஸ்டாண்டில் வைத்து 6 நிமிடம் படமெடுத்து, மேல் பாதியில் இருந்த நேரத்தைக் கணினியில் எண்ணிவிடலாம். மனிதக் கண்ணின் சார்பு அதில் குறைவு. பதற்றம் பற்றிய கேள்விக்கு, கல்லூரி அளவிலான பணத்துக்கும் காலத்துக்கும், எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

இலைச்சாறு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்தைத் தண்ணீரில் கலந்துதான் பெரும்பாலும் கொடுக்கிறோம். பச்சையாகவோ பழுப்பாகவோ கலங்கும் சாறு வெளிச்சத்தையே மாற்றிவிடும். இருட்டான தண்ணீரில் மீன் மேலே வருவதற்கும் மருந்துக்கும் தொடர்பில்லாமல் போகலாம். உடலுக்குள் எவ்வளவு போனது என்பதும் தெளிவாகத் தெரியாது. பிரித்தெடுத்த, நிறமற்ற ஒரு சேர்மம் கையில் இருந்தால் மீன் சிறப்பு. கச்சாச் சாறு என்றால் தயங்குவேன். மதுரை போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையும் மீனுக்கு ஆகாது. சுத்திகரித்த தண்ணீரில் உப்பைத் திட்டமாகச் சேர்த்துத் தொட்டியைப் பல வாரம் முன்பே பழக்க வேண்டும். கலர்மீன் கடையில் வாங்கிவந்து ஆய்வு செய்யாதீர்கள். அவற்றின் வயதும் வழியும் யாருக்கும் தெரியாது. மீன்தானே என்று விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்கவும் கூடாது. அதுவும் முதுகெலும்புள்ள, வலி உணரும் உயிர்.

செல்லும் வார்டும்

மனித நரம்புச் செல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஓர் ஆண்டு தீசிஸுக்கு அது எட்டாது. நோயாளியின் இரத்தத்திலோ தோலிலோ இருந்து எடுத்த செல்லை, வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய தண்டுச் செல்லாக்கி, அதிலிருந்து நரம்புச் செல் வளர்க்கும் வழி 2007-க்குப் பிறகு சாத்தியமானது. இருமுனைய மனநோய் உள்ளவர்களிடமிருந்து வளர்த்த செல்கள் அளவுக்கு மீறித் துடிப்பதையும், அந்த நோய்க்குக் கொடுக்கும் லித்தியத்துக்குப் பலன் கண்டவர்களின் செல்களை மட்டும் லித்தியம் அடக்கியதையும் 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. எந்த எலியாலும் சொல்ல முடியாத பதில் அது: இந்த மனிதருக்கு உதவுமா, அந்த மனிதருக்கு உதவுமா. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் என்.சி.பி.எஸ், இன்ஸ்டெம் ஆகிய ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து, பலருக்கு மனநோய் உள்ள குடும்பங்களின் செல்களை வைத்து இந்த வேலையைச் செய்து வருகிறார்கள். பிஎச்.டி. போகும் எண்ணம் இருந்தால் இப்போதே அந்தப் பக்கம் படிக்கத் தொடங்குங்கள். விலங்கு அல்லாத இத்தகைய முறைகளையும் புது மருந்து விண்ணப்பத்தில் ஏற்கலாம் என்று இந்தியா 2023 மார்ச்சில் விதியைத் திருத்திவிட்டது. அமெரிக்காவில் 2022 டிசம்பரிலேயே சட்டம் மாறியது. ஆனால் தட்டில் வளரும் செல்லுக்குக் கல்லீரல் இல்லை, இதயம் இல்லை. மருந்து மூளைக்குள் போய்ச் சேருகிறதா, வலிப்பு வருகிறதா, ஈ.சி.ஜி. மாறுகிறதா என்பதற்கெல்லாம் முழு உடல் இன்னும் தேவைப்படுகிறது. விலங்கின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது.

கடைசி வழி வார்டு. நம் மாணவர்கள் அதை மருந்தியல் என்றே எண்ணுவதில்லை, அது மருத்துவமனை சார்ந்த ஃபார்ம்.டி. படிக்கும் பிள்ளைகளின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சனோமெலின்–ட்ரோஸ்பியம் கூட்டு, டோபமின் என்ற நரம்புச் செய்திப் பொருளின் ஏற்பியை நேரடியாகத் தொடாமல் மனச்சிதைவுக்கு வேலை செய்யும் மருந்து. பல பத்தாண்டுகளில் வந்த முதல் புதுப் பாதை. அதன் விதை 1990-களில் அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையில் இருக்கிறது. ஞாபக சக்திக்கென்று சனோமெலின் கொடுத்தவர்களுக்கு மாயக்குரல்களும் தவறான நம்பிக்கைகளும் குறைந்தன. வாந்தியும் வயிற்றுத் தொல்லையும் அதிகம் என்பதால் மருந்து ஓரங்கட்டப்பட்டது. பின்னர் மூளைக்குள் புகாத ட்ரோஸ்பியத்தைச் சேர்த்து அந்தத் தொல்லையை அடக்கினார்கள். இதற்கு நேரெதிராக, சுண்டெலிகளின் நடத்தையைக் கணினியால் அலசிக் கண்டெடுத்த உலோட்டரான்ட் என்ற மனச்சிதைவு மருந்து, 2020-இல் வெளியான இரண்டாம் கட்டப் பரிசோதனையில் பிரகாசித்துவிட்டு, 2023-இல் மூன்றாம் கட்டப் பரிசோதனைகள் இரண்டிலும் வெற்று மாத்திரையை வெல்லவில்லை. அங்கே வெற்று மாத்திரை எடுத்தவர்களும் கணிசமாகத் தேறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே மருந்தின் கதையை முழுசாக மூடிவிட முடியாது. ஆனால் எது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். மனச்சிதைவு மருந்தான ஓலன்சபின் தொடங்கி ஆறு மாதத்தில் எடை எவ்வளவு ஏறுகிறது? லித்தியம் எடுப்பவர்கள் வெயில் காலத்தில் வேர்வையாலும் தண்ணீர் குறைவாலும் இரத்த அளவு ஏறி நடுக்கம், தலைசுற்றலுடன் வருகிறார்களா? இரண்டாவது கேள்வி மதுரைக்கே உரியது. வெயிலில் களையெடுக்கவும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் லித்தியம் சாப்பிடும் ஊர் இது. அதற்கு எலியிடம் பதில் கிடையாது. பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நாட்டில் நடக்கிறது. படிவமும் முறையும் தயாராக இருக்கின்றன. இங்கே ‘வேண்டாம்’ என்ற பதிலும், ‘இந்த மாதத்தில் டோஸைப் பாருங்கள்’ என்ற பதிலும் மறுநாளே ஒரு மனிதருக்கு உதவும்.

எதை யார் எடுப்பது

விலங்கு நெறிமுறைக் குழுக் கூட்டங்களில் விஞ்ஞானி அல்லாத ஓர் உறுப்பினர் கட்டாயம் இருப்பார். அவர் கேட்கும் கேள்விதான் பல நேரம் மையத்தைத் தொடும்.

“இத்தனை எலி எதுக்கும்மா?”

“குழுவுக்கு ஆறுங்க சார். நாலு குழு. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க.”

“எல்லாரும் போடுறது இருக்கட்டும். ஆறு போதும்னோ அதிகம்னோ நீ எப்படிக் கணக்குப் போட்ட?”

இதற்குப் பதில் சொல்ல முடிந்தால் எலியை எடுங்கள். எவ்வளவு வித்தியாசம் வந்தால் அர்த்தம் உண்டு என்று முதலிலேயே எழுதி, அதிலிருந்து எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். எந்த எலி எந்தக் குழுவுக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள். ஸ்டாப்வாட்ச் பிடிப்பவருக்கு எந்த எலிக்கு எது கொடுத்தது என்று தெரியக் கூடாது. கூண்டு அட்டையில் எண் மட்டும் இருக்கட்டும், சாவி கைடிடம் இருக்கட்டும். இவை இல்லாத நீச்சல் சோதனைக்கு நான் கையெழுத்திட மாட்டேன்.

இலைச்சாறுதான், மனச்சோர்வுதான் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு இரண்டு பாட்டில் வழி. ஆண் எலியும் பெண் எலியும் சேர்த்து, டோஸ் ஒன்றே ஒன்று, காலம் முழுசாக. நீச்சலைச் சேர்க்கவே வேண்டாம். அதனால் முடிவின் வலு கூடாது. சுத்தமான ஒரு சேர்மமும் பதற்றம் பற்றிய கேள்வியும் இருப்பவர்களுக்கு மீன். பழைய மருந்தின் பக்கவிளைவைக் குறைக்கும் துணை மருந்து தேடுபவர்களுக்கு, உதாரணமாக ஹாலோபெரிடாலின் விறைப்பைத் தணிப்பது எப்படி என்றால், அந்தக் குறுக்குக் கம்பிச் சோதனை நேர்மையான தேர்வு. அங்கே எலியின் விறைப்பும் மனிதரின் விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்றே.

மற்ற எல்லோரையும், குறிப்பாக எந்தச் செடி என்றே இன்னும் முடிவாகாதவர்களை, வார்டுக்குப் போகச் சொல்கிறேன். அந்த வழியை எடுப்பவர்கள் மனித நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தை முதலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு எழுதத் தொடங்கிவிடுங்கள். மனநலத் துறைப் பேராசிரியர் ஒருவரை இணை வழிகாட்டியாகச் சம்மதிக்க வைக்க வேண்டும். குறிப்பேட்டில் பெயர் இல்லாமல் எண் மட்டும் வைக்கும் முறையை முன்கூட்டியே வகுக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தை, நோயாளியைக் கூட்டிவரும் அம்மா வாசித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதி, உங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொடுத்து அவர் என்ன புரிந்துகொண்டார் என்று சொல்லச் சொல்லிக் கேட்டுத் திருத்துங்கள். அதற்கே நாள் பிடிக்கும்.